குழலுக்குள் குரல்: ஆறு மாதப் பயிற்சியும் மூன்று திருகாணிகளும்

நவம்பர் மழை நாள் ஒன்றின் இரவு. என் மேற்கத்தியக் குழலில் (ஃப்ளூட்) கீழ் டி ஸ்வரத்துக்கு விரல்களை மூடி வைத்துக்கொண்டு, ஊதாமல், இடக்கை மோதிர விரலால் ஜி துளையை மூடும் கீயை மட்டும் ஓங்கித் தட்டினேன். அப்படித் தட்டினால் குழாய்க்குள் இருக்கும் காற்று அதிர்ந்து, மிருதங்கத் தொப்பியில் விரல் பட்டதுபோல் ஒரு சின்ன ஸ்வரம் எழ வேண்டும். எழவில்லை. கீயின் அடியில் உள்ள பேட் என்ற மெத்தை வட்டு துளைமேல் விழும் 'தட்' என்ற வறட்டு ஓசைதான் கேட்டது. கீழே எதையும் மூடாமல் வெறும் ஜி ஸ்வரத்தில் தட்டிப் பார்த்தேன். அது அழகாக ஒலித்தது. எஃப், ஈ, டி என்று இறங்க இறங்க ஒலி செத்துக்கொண்டே போனது.

பத்து ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் வெள்ளி முலாம் பூசிய குழல் அது. ஜெர்மானியக் குழல் தயாரிப்பாளர் தியோபால்ட் போம் 1847இல் வடிவமைத்த உருளைக் குழாய், கீ அமைப்பு ஆகியவற்றின் வழிவந்த மாணவர் ரகம். அதற்கு முன் எட்டு வயதிலிருந்து மூங்கில் குழல் வாசித்தவள் நான். ஊதியபோது இந்தக் கோளாறு எனக்குத் தெரியவே இல்லை. கீழ் ஸ்வரம் கொஞ்சம் மங்கினால் விரல் தானாக அழுத்தத்தைக் கூட்டிவிடும், காதும் பழகிவிடும். கீயைத் தட்டி ஒலி எழுப்பும் உத்தியில் அந்தச் சமாளிப்புக்கு இடமில்லை. மற்ற விரல்கள் தளர்வாக இருக்க வேண்டும், ஒரு விரல் மட்டும் தட்ட வேண்டும். எங்காவது மயிரிழை கசிந்தாலும் ஒலி போய்விடும். இசையமைப்பாளர் எட்கார் வாரேஸ் 1936இல் குழலிசைக் கலைஞர் ஜார்ஜ் பாரேரின் பிளாட்டினக் குழலுக்காக எழுதிய 'டென்சிட்டி 21.5'இல் இந்தத் தட்டல் வருகிறது. தலைப்பில் உள்ள எண் பிளாட்டினத்தின் அடர்த்தி. தனிக் குழலுக்கான இசையில் கீயின் ஓசையையே ஸ்வரமாக எழுதிக் காட்டிய முன்னோடிப் படைப்பு அது. என் குழலில் அந்த வரியை வாசித்தால் மேசையில் பென்சிலைத் தட்டியதுபோல் இருந்தது.

நான் அன்று உட்கார்ந்தது வாரேஸுக்காக அல்ல. ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தகேமித்சு 1971இல் சுவிட்சர்லாந்துக் குழலிசைக் கலைஞர் ஓரேல் நிக்கோலேவுக்காக எழுதிய 'வாய்ஸ்' என்ற தனிக் குழல் படைப்பைக் கற்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அதை வாசிப்பவர் ஊத மட்டும் செய்வதில்லை. பேசுகிறார், கத்துகிறார், முனகுகிறார், பாடிக்கொண்டே ஊதுகிறார், கீகளைத் தட்டுகிறார். கவிஞர் ஷூஸோ தகிகுச்சியின் ஒரு வரிதான் அதன் உரை. அங்கே போவது யார் என்று கேட்டு, யாராக இருந்தாலும் பேசு என்று தெள்ளத் தெளிந்த ஒன்றை அழைக்கும் வரி. பிரெஞ்சில் தொடங்கி, கடைசியில் ஆங்கிலத்தில் அதே கேள்வி திரும்பி வரும். முதன்முதலில் பதிவைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. சிறுவயதில் குழலைக் கையில் எடுக்கும் முன் ஒவ்வொரு வரிசையையும் வாயால் பாடிக் காட்ட வேண்டும் என்பது என் குருவின் கட்டளை. வாய்ப்பாட்டுக்கும் குழலுக்கும் நடுவில் மூச்சுவிடும் இடைவெளி எப்போதும் உண்டு. முதலில் பாட்டு, பிறகு குழல். இந்தப் படைப்பில் அந்த இடைவெளியே இல்லை. இரண்டும் ஒரே மூச்சில், ஒரே குழாய்க்குள் நடக்கின்றன.

அதைத் தொடங்கும் முன் குழலைச் சரிசெய்தாக வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சிகரெட் சுருட்டும் மெல்லிய தாளில் அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டிக்கொண்டேன். பேட்டுக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவில் அதை நுழைத்து, கீயை மிக மெதுவாக மூடி, தாளை இழுக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் அந்த இடம் நன்றாக மூடுகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் கசிவு. விளிம்பின் முன், பின், இரண்டு பக்கங்கள் என்று நான்கு இடங்களில் சோதிக்க வேண்டும். கடிகாரத் திசையில் போனால் எந்த இடத்தையும் விட்டுவிட மாட்டோம். முக்கியமான ஒன்று: ஊதும்போது அழுத்துவதைவிடக் குறைவாக அழுத்த வேண்டும். அழுத்தினால் எந்தக் கீயும் நல்ல கீயாகத்தான் தெரியும்.

எஃப், ஈ, டி மூன்றிலும் தாள் வழுக்கியது. மூன்று பேட்டுகள் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது நடக்காத காரியம். பொதுவான காரணம் ஒன்று இருக்க வேண்டும். இந்த வகைக் குழலில் வலக்கையின் அந்த மூன்று கீகளில் எதை அழுத்தினாலும், அவற்றின் மேலே இருக்கும் எஃப் ஷார்ப் கீயும் கூடவே மூடும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு கை நீண்டு அதை அழுத்துகிறது. அந்தக் கையின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் கீயின்மேல் ஒரு சின்னத் திருகாணி உண்டு. இரண்டு பேட்டுகளும் ஒரே கணத்தில் துளையைத் தொட வேண்டும். எஃப் ஷார்ப் கீயின் அடியில் தாளை வைத்தேன், இரும்புப் பிடி. அப்போதுதான் புரிந்தது. பேட் என்பது கம்பளிப் பட்டையின்மேல் மெல்லிய சவ்வு போர்த்திய வட்டு. மழைக்கால ஈரத்தில் எஃப் ஷார்ப் பேட் உப்பியிருக்கிறது. அது முதலில் துளையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன்பின் எஃப், ஈ, டி கீகள் முழுதாக இறங்க இடமில்லாமல் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

கண்ணாடி பழுதுபார்க்கும் திருப்புளிதான் என்னிடம் இருந்தது. அதன் நுனி திருகாணியின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது. முதலில் டி. இடப்பக்கமாக எட்டில் ஒரு சுற்று. தாள் வைத்துப் பார்த்தேன். டி-யில் லேசான பிடி. மறுபடியும் அதில் பாதி. இப்போது டி பிடித்தது, எஃப் ஷார்ப்பும் பிடித்தது. ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் திருப்பியபோது எஃப் ஷார்ப்பில் தாள் வழுக்க ஆரம்பித்தது, பின்வாங்கினேன். இப்படியே ஈ, அதன்பின் எஃப். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தாள்கள், இரண்டு கீகளின் அடியிலும் ஒரே நேரத்தில் வைத்து, ஒரே அளவு இழுவை வரும்வரை. ஒரு மணி நேரம் ஆனது. முடித்துவிட்டுக் கீழ் டி-யில் ஜி கீயைத் தட்டினேன். 'டும்' என்று ஒலித்தது. பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் என்ன விழுந்தது என்று எட்டிப் பார்த்தாள்.

ஒரு எச்சரிக்கை: திருகாணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேட்டின் சவ்வு கிழிந்திருந்தால், ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்திருந்தால், கம்பி ஸ்பிரிங் வளைந்திருந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதுதான் சரி. பேட்டைக் கழற்றி அடியில் காகித வளையம் வைத்து மட்டம் செய்வது அவர்களுடைய கைக்கு வந்த வேலை. தலைப்பகுதியின் உள்ளே இருக்கும் கார்க்கை மட்டும் நாமே பார்த்துக்கொள்ளலாம். துடைக்கும் கோலின் முனையில் ஒரு கோடு இருக்கும். கோலை உள்ளே விட்டால் அந்தக் கோடு வாய்த்துளையின் நடுவில் தெரிய வேண்டும். அந்தத் தூரம் 17 மில்லிமீட்டர். எனக்கு அது நகரவில்லை.

பிறகு பாடத் தொடங்கினேன்.

குழலை உதட்டில் வைத்தபடி 'ஊ' என்று பாடுவது எளிது. அதோடு ஊதும் காற்றையும் சேர்ப்பதுதான் கடினம். முதல் வாரம் முழுவதும் இரண்டில் ஒன்றுதான் வந்தது. குரலைக் கூட்டினால் உதட்டின் இடுக்கு விரிந்து குழல் நின்றுவிடும். குழலைப் பிடித்தால் தொண்டை இறுகிக் குரல் கரகரக்கும். இரண்டையும் உரக்கச் செய்ய முயன்றதுதான் என் தவறு. மூன்றாம் நாள் தொண்டை புண்ணானதுபோல் வலித்தது. இரண்டு நாள் விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது குழந்தையைத் தூங்கவைக்க முனகும் அளவுக்குக் குரலைக் குறைத்து, வாயைத் திறக்காமல் முதலில் முனகி, அந்த முனகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதட்டை மெல்லத் திறந்து காற்றை விட்டேன். ஒரு நொடி இரண்டும் சேர்ந்து ஒலித்தன. கீழ் உதட்டிலும், குழல் சாய்ந்திருக்கும் இடது சுட்டுவிரலின் அடியிலும் ஒரு கிறுகிறுப்பு. வண்டு பிடித்த தீப்பெட்டியைக் கையில் வைத்திருப்பது போன்ற அதிர்வு. அதன்பின் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் என்று வரம்பு வைத்துக்கொண்டேன். இதில் பிடிவாதம் கூடாது. குரல் நாண்கள் புண்பட்டால் பாட்டும் போகும் குழலும் போகும்.

ஜாஸ் இசையில் இந்தப் பாடி-ஊதல் முன்பே இருந்தது. ரோலண்ட் கர்க் 1964இல் பதிவுசெய்த 'ஐ டாக் வித் த ஸ்பிரிட்ஸ்' முழுக்க முழுக்கக் குழல்தான். அதில் அவர் குரலும் குழலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே போகும். அமெரிக்கக் குழலிசைக் கலைஞர் ராபர்ட் டிக் 1975இல் வெளியிட்ட 'த அதர் ஃப்ளூட்' என்ற கையேடு இந்த உத்திகளை ஒழுங்காகத் தொகுத்துக் காட்டியது. ஊதும் ஸ்வரத்தையே பாடத் தயாராக இருப்பதுபோல் தொண்டையை வைத்துக்கொண்டு, பாடாமல் ஊதினால் நாதம் கனக்கும் என்று அவர் கற்பிக்கிறார். தொண்டையைச் சுருதி சேர்ப்பது என்று அதைச் சொல்லலாம். அந்தக் கருத்தைப் படித்ததும் எனக்கு என் குருவின் முற்றம்தான் கண்முன் வந்தது. அவர் வாயால் பாடவைத்ததன் பலன் மனத்துக்கு மட்டும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

அதனால் புத்தகத்துப் பயிற்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த பாடத்தையே எடுத்தேன். சரளி வரிசை. மாயாமாளவகௌளை ராகம். குழலின் கீழ் டி-யைச் சட்ஜமாக வைத்துக்கொண்டேன். அது என் குரலுக்கும் வசதியான இடம். குரல் சட்ஜத்தைத் தம்பூராவாகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், குழல் மட்டும் ச ரி க ம ப த நி ச என்று ஏற வேண்டும். கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! குழல் ரிஷபத்துக்கு ஏறியதும் குரலும் கூடவே ஏறிவிடும். நாய்க்குட்டி காலைச் சுற்றுவதுபோல் அது குழலைவிட்டுப் பிரியாது. இரண்டு வாரம் ச-ரி, ச-ரி என்று அந்த ஒற்றைப் படியிலேயே நின்றேன்.

அங்கே நின்றதால்தான் ஒன்று கேட்டது. சட்ஜம் 294 ஹெர்ட்ஸ். சுத்த ரிஷபம் அதற்கு அரைப்படி மேலே, 311. குரலும் குழலும் மோதும்போது நொடிக்குப் பதினேழு முறை ஒலி பெருத்துச் சிறுக்கிறது. பரபரவென்று ஒரு துடிப்பு. பஞ்சமத்துக்குப் போனால் துடிப்பே இல்லை, வேறொன்று வருகிறது. குழல் 440இல், குரல் 294இல். இரண்டின் வித்தியாசம் 146. அது ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் சட்ஜம். நான் பாடவில்லை, குழலும் அத்தனை கீழே போகாது, ஆனாலும் மந்தர சட்ஜம் கேட்கிறது. குரல் நாண்களின் அதிர்வு ஊதும் காற்றையே துண்டுபோட்டு அனுப்புவதால் குழாயில் எழும் ஒலியில் கூட்டலும் கழித்தலும் நடக்கின்றன. என் கற்பனையோ என்று போனில் ஒலி அலைகளைக் கோடுகளாகக் காட்டும் செயலியைத் திறந்து மேசையில் வைத்தேன். 294, 440 இரண்டுக்கும் கீழே 147க்கு அருகில் ஒரு மெல்லிய கோடு நின்றது. நான் குரலை நிறுத்தினேன், அது மறைந்தது. மறுபடி பாடினேன், வந்தது. இருபது முறையாவது செய்து பார்த்திருப்பேன்.

மத்யமத்தில் நடப்பது இன்னும் வியப்பு. குழல் 392, குரல் 294, வித்தியாசம் 98. அது மத்யமத்துக்கே இரண்டு ஸ்தாயி கீழ். அதாவது, நான் சட்ஜத்தை விடாமல் பாடிக்கொண்டிருக்கும்போதே அடியில் மத்யமம் வந்து ஆதாரமாக உட்கார்ந்துகொள்கிறது. ஒரு கணம் என் சட்ஜமே பஞ்சமம்போல் கேட்டது. மத்யம சுருதிப் பாட்டுக்குத் தம்பூராவில் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு மாற்றினால் வருகிற அதே மனநிலை, இங்கே தொண்டைக்கும் குழலுக்கும் நடுவில் கிடைக்கிறது.

காந்தாரம் எனக்குப் பாடம் நடத்தியது. மேற்கத்தியக் குழலின் எஃப் ஷார்ப், எல்லா அரைப்படிகளையும் சமமாகப் பிரிக்கும் சமச் சுருதி அமைப்பில் 370. சட்ஜத்தோடு இசையும் அந்தர காந்தாரம் ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் 367. மூன்று ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். மூங்கிலில் விரலைச் சற்று நகர்த்தினால் போதும், யோசிக்கவே வேண்டாம். இந்தக் குழலில் குரலைச் சட்ஜத்தில் பிடித்துக்கொண்டு எஃப் ஷார்ப் ஊதினால் அடியில் ஓர் உறுமல் வந்து அலைபாய்கிறது. வாய்த்துளையை உதட்டை நோக்கி மெல்ல உருட்டினேன், சுருதி இறங்கியது, உறுமல் வேகம் குறைந்து, குறைந்து, ஓரிடத்தில் அசையாமல் நின்றது. அந்த இடம்தான் நான் சிறுவயதில் பாடிய காந்தாரம். எந்த மீட்டரும் பார்க்காமல், தொண்டையை வைத்தே அதை அடைய முடிந்தது. குழல் மேதை டி. ஆர். மகாலிங்கம் (மாலி) வாய்ப்பாட்டின் அசைவுகளை மூங்கிலுக்குக் கொண்டுவந்தார் என்று ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். குரலை நினைத்துக்கொண்டு ஊதுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது குரலை உண்மையிலேயே உள்ளே விட்ட பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. இந்தப் பயிற்சிக்குப் பிறகு வெறுமனே ஊதினாலும் கீழ் ஸ்தாயி திரண்டு வருகிறது. ராபர்ட் டிக் சொன்னது சரி.

ஜனவரியில் மற்ற உத்திகள். ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன்.

நாக்கால் அடைக்கும் அடி: வாய்த்துளையை உதடுகளால் முழுவதும் மூடிக்கொண்டு, 'ஹுத்' என்று காற்றை அனுப்பி, நாக்கின் நுனியால் துளையைச் சட்டென்று அடைக்க வேண்டும். புட்டியிலிருந்து தக்கை பிடுங்குவதுபோல் ஒரு கனத்த 'தொம்' வருகிறது. திறந்த குழாய் ஒரு முனை அடைபட்ட குழாயாக மாறிவிடுவதால் விரல் வைத்த ஸ்வரத்துக்கு ஏழாம் இடம் அளவுக்குக் கீழே ஒலிக்கும். கீழ் டி-க்கு விரல் வைத்தால் அதற்கும் கீழே உள்ள ஈ ஃப்ளாட் கேட்கிறது. திருகாணி வேலைக்கு முன் இது எனக்கு வரவே இல்லை என்பதையும் குறித்து வைக்கிறேன். நாக்கு பழகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கசிவுதான் காரணம்.

ஜெட் விசில் என்பது இதற்கு நேர் எதிர். துளையை வாயால் மூடிக்கொண்டு முழுப் பலத்தோடு ஊதினால் விமானம் கிளம்புவது போன்ற சீறல். பிரேசிலின் வில்லா-லோபோஸ் 1950இல் குழலுக்கும் செல்லோவுக்கும் எழுதிய படைப்புக்கு அந்தப் பெயரையே வைத்தார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைப் பகல் பதினொரு மணிக்கு மட்டும் செய்தேன்.

மெல்லிய விசில் ஒலிகள் வேறு உலகம். உதட்டை அசைக்காமல், மூச்சே விடாததுபோல் அத்தனை குறைவாக ஊதினால் கீழ் ஸ்வரத்தின் மேல் அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடி நூல்போல் மின்னி மறையும். மின்விசிறியை அணைத்தால்தான் கேட்கும். விசிறியின் காற்று உதட்டில் பட்டாலே கலைந்துவிடும். எட்டு நொடிக்கு மேல் ஒன்றைப் பிடித்துவைக்க இன்றுவரை எனக்கு வரவில்லை. ஒரே விரல் வைப்பில் இரண்டு ஸ்வரங்கள் எழுப்புவதும் அப்படித்தான். இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோ 1958இல் குழலிசைக் கலைஞர் செவரீனோ கட்செல்லோனிக்காக எழுதிய 'செக்வென்ட்சா' வரிசையின் முதல் படைப்பில் அப்படி ஓர் இடம் வருகிறது. அது ஒரு கணம்தான், ஆனால் அந்தக் கணத்துக்குப் பல நாள் உழைப்பு வேண்டும்.

பேச்சுக்கு வருகிறேன். இதில் நான் எதிர்பாராத உதவி தமிழிலிருந்து கிடைத்தது. 'வாய்ஸ்' படைப்பில் சொற்களைக் குழலுக்குள் பேச வேண்டும். உதடு துளையின்மேல் இருக்க, பேச்சு குழாய்க்குள் போய் விரல் வைத்த ஸ்வரத்தில் எதிரொலித்து வெளியே வரும். ஒரே சொல்லைப் பேசிக்கொண்டே விரல்களை மாற்றினால் குரலின் நிறம் மாறும். முதலில் வெறும் மூச்சால் உயிரெழுத்துகளை அனுப்பிப் பார்த்தேன். ஊ இருட்டாக, அடியிலிருந்து வருகிறது; ஈ கூர்மையாக, நுனியில் மின்னுகிறது; ஆ இரண்டுக்கும் நடுவில் அகலமாக. பிறகு மெய்கள். ப உதட்டில் வெடிக்கிறது, மிருதங்கத்தின் சாப்புபோல் அல்ல, விரலால் தந்தியைச் சுண்டியதுபோல். த-வும் ட-வும் ஒன்றல்ல என்பதைக் குழல் எத்தனை தெளிவாகக் காட்டுகிறது! த-வில் ஒலி பல்லின் பின்னிருந்து சன்னமாகக் கிளம்புகிறது. ட-வில் நாக்கு மேலண்ணத்திலிருந்து இறங்கும்போது காற்று ஒரு கணம் வளைந்து, ஸ்வரத்தின் முன் ஒரு முடிச்சு விழுகிறது. மேற்கத்தியக் குழல் வகுப்பில் இரட்டை நாக்கு என்று கற்பிப்பது 'த-க, த-க' என்பதைத்தான். சொற்கட்டு சொல்லி வளர்ந்தவர்களுக்கு அது பிறந்த நாள்முதல் தெரியும். தகதிமி தகஜுனு என்று குரலோடு சேர்த்து உள்ளே அனுப்பினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தட்டும் ஒரு ஸ்வரமும் வந்தன. அன்று மாலை முழுவதும் அதுதான். படைப்பில் அது இல்லை என்று தெரியும். ஆனாலும் விட மனம் வரவில்லை.

பிரெஞ்சு வரிதான் சிரமம். அந்த மொழி எனக்குத் தெரியாது. ஒரு தோழி பேசிப் பதிவுசெய்து அனுப்பினாள். அதைக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். பிரெஞ்சின் ர தொண்டையின் அடியிலிருந்து உராய்ந்து வருகிறது. குழலுக்குள் அனுப்பும்போது அதுவே ஓர் இசை. ஒரு ஞாயிறு காலையில் அந்தக் கேள்வியைக் கத்திக் கொண்டிருந்தபோது மகள் கதவருகில் வந்து, "அம்மா, யாரைக் கூப்பிடுகிறாய்?" என்றாள். அதே கேள்வியைத்தான் அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவள் பாயில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.

இந்தப் படைப்பின் ஓசை எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது ஜப்பானின் நோ நாடக மேடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே தாளக் கலைஞர்கள் அடிகளுக்கு நடுவே நீண்ட குரல் கொடுப்பார்கள். மௌனம், கூவல், ஓர் அடி, மறுபடி மௌனம். அந்த மேடையின் குழலுக்கு நோகான் என்று பெயர். மூங்கில்தான், ஆனால் வாய்த்துளைக்கும் முதல் விரல் துளைக்கும் நடுவில், குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைச் செருகி உள்வழியை ஒடுக்கியிருக்கிறார்கள். அதனால் வேகமாக ஊதினால் சரியான மேல் ஸ்தாயி வருவதில்லை. ஒவ்வொரு துளையும் வேறுவேறாக விலகும். சுருதி பிசகுவதற்கென்றே கைவேலை செய்து வைத்த குழல். அந்த ஒடுங்கிய பகுதிக்கு ஜப்பானியத்தில் 'நோதோ' என்று பெயர். பொருள், தொண்டை. இதைப் படித்த அன்று நான் பயிற்சி செய்யவில்லை. குழலை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நடைமுறைக் குறிப்பு ஒன்று. பாடியும் பேசியும் ஊதினால் வழக்கத்தைவிட ஈரம் மிக அதிகமாக உள்ளே சேர்கிறது. பருத்தித் துணியைப் பயிற்சியின் நடுவிலேயே ஒருமுறை விட்டுத் துடைக்கிறேன், முடிந்ததும் மறுபடி. பேட் ஒட்டிக்கொண்டு 'ப்ச்' என்று சத்தம் போட்டால் அதே சிகரெட் தாளை அடியில் வைத்து மெல்ல மூடித் திறக்கிறேன். தாளை இழுப்பதில்லை, இழுத்தால் சவ்வு உரியும். பவுடர் போடச் சொல்பவர்கள் உண்டு, நான் போடுவதில்லை. அது சேர்ந்து பிசின்போல் ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு அரை மணி முன்பிருந்து இனிப்பு எதுவும் சாப்பிடுவதில்லை. வெந்நீர் மட்டும்.

மார்ச் கடைசியில் முதன்முறையாக முழுப் படைப்பையும் நிறுத்தாமல் வாசித்துப் போனில் பதிவுசெய்தேன். போனைப் பக்கத்தில் வைத்தபோது கீ ஓசைகள் குரலை அமுக்கின. இரண்டு மீட்டர் தள்ளி, அலமாரியில் துணிகளுக்கு நடுவில் வைத்தபோது சரியாக இருந்தது. கேட்டுப் பார்த்தேன். பாடி-ஊதும் இடங்கள் நன்றாக இருக்கின்றன. கத்தும் இடங்களில் நான் இன்னும் தயங்குகிறேன். பக்கத்து வீட்டை நினைத்துக்கொண்டே கத்துவது காதில் தெரிகிறது. கடைசியில் அந்தக் கேள்வி திரும்ப வரும்போது முதலில் கேட்டதற்கும் அதற்கும் வேறுபாடு இருக்க வேண்டும். என் பதிவில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதற்கு என்ன செய்வது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாடாமல், தொண்டையை மட்டும் தயாராக வைத்து மூச்சில் பேசினால் வருமா என்று முயன்று வருகிறேன்.

ஏப்ரல் நடுவில் வெயில் ஏறியது. நேற்றுக் காலை கீழ் எஃப் மறுபடி மங்கியது. தாளை எடுத்தேன். எஃப், ஈ, டி மூன்றும் பிடித்தன. இந்த முறை எஃப் ஷார்ப்பின் அடியில் வழுக்கியது. பேட் வறண்டு சுருங்கிவிட்டது. திருப்புளியை எடுத்து, மூன்று திருகாணிகளையும் வலப்பக்கமாக எட்டில் ஒரு சுற்று திருப்பினேன். ஜி கீயைத் தட்டினேன். 'டும்' என்றது. ஜூன் முதல் வாரத்தில் மழை வந்தால் திரும்பவும் பார்க்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்துவிட்டு, குழலை உதட்டில் வைத்துச் சட்ஜத்தை முனகினேன்.